பஞ்சவர்ணத்தின் சடை

சென்னை,
8.6.2003

பாசமுள்ள தங்கச்சி பிரியாவுக்கு,

அண்ணன் அழகுபாண்டி எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். மெஸ் சாப்பாட்டைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கேட்டால் துள்ளிக் குதிப்பாய். எங்கள் முதலாளி வெங்கடேஷ்பாபு நம்ம மதுரை செல்லூர்க்காரர் என்று சொன்னேன் அல்லவா? அவர் பழக்கத்தில் ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. எந்தக் கம்பெனி தெரியுமா? நீ நூல் நூற்கிற வெண்மலர் மில்ஸேதான்! அங்கே பெண்பிள்ளைகளை அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளுக்கு யாரோ எழுதிப் போட்டுவிட்டார்களாம். அந்தக் கெட்ட பேரைத் துடைக்க இன்டர்நெட்டில் ஒரு வெப்சைட் போடுகிறார்கள். அதில் ஒரு பொம்மைப் பிள்ளை ஆடிப் பாடி, மில்லைச் சுற்றிக் காட்டி, வார்த்தையில் விளையாடி, பார்க்கிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அந்தப் பிள்ளையை வரையப்போவது உன் அண்ணன்.

பேரும் வைத்துவிட்டேன். பஞ்சில் பிறந்ததால் பஞ்சவர்ணம்! முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். 'நூலும் உண்டு, நூலகமும் உண்டு', 'இழை உண்டு, பிழை இல்லை' என்று அடித்து விளாசுகிறேன். இங்கிலீஷுக்கு வேறொரு ஆள் இருக்கிறான், பாவம், என் அளவுக்கு வரவில்லை. நீ எனக்கு ஒரு ஒத்தாசை செய்ய வேண்டும். அங்கே என்ன உடுத்துகிறீர்கள், எப்படி நிற்கிறீர்கள், மிஷின் எப்படிச் சுற்றும் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன் அழகுபாண்டி


வெண்மலர் மில்ஸ் பெண்கள் விடுதி,
22.6.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி சத்யப்ரியா வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். நீ மெலிந்துவிட்டாய் என்று அம்மா புலம்புகிறது. மெஸ்ஸைக் குறை சொல்லாமல் நாலு வாய் அள்ளிச் சாப்பிடு.

உன் கடிதத்தை எனக்கு முன்னாலேயே வார்டன் அக்கா வாசித்துவிட்டார்கள். வருகிற கடிதத்தைப் பிரித்துத்தான் கொடுப்பார்கள், போகிற கடிதத்தையும் வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்கள். உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்து, "ஏத்தா, உங்க அண்ணன் படம் வரையிறவனா, ஆசுபத்திரி டாக்டரா?" என்று கேட்டார்கள். எனக்கு மானமே போயிற்று.

நீ கேட்டதை எழுதுகிறேன். ரிங் பிரேம் என்று நீளமாக ஒரு மிஷின். ரெண்டு பக்கமும் வரிசையாகக் கதிர்கள் சுற்றும். கதிர் என்றால் நூல் சுற்றிக்கொள்கிற இரும்புக் குச்சி, வயலில் விளைவது இல்லை, குழம்பிக்கொள்ளாதே. இழை அறுந்தால் ஓடிப் போய் ஒட்ட வேண்டும். ஷிப்ட் முழுக்க நடைதான். பச்சைக் கோட்டுப் போடுவோம். வெளியாட்கள் மில்லைப் பார்க்க வரும் நாளில் எல்லாருக்கும் புதுத் தொப்பி தருவார்கள், அழகாக இருக்கும். மிஷின் சத்தத்தில் வாய் பேசினால் கேட்காது, கையால்தான் பேச்சு.

என் அடுத்த மிஷினில் நிற்பவள் ஒச்சம்மாள், செக்கானூரணிப் பக்கம். கைப்பேச்சிலேயே என்னைச் சிரிக்க வைத்துத் திட்டு வாங்கிக் கொடுப்பாள். இடுப்புக்குக் கீழே அம்புட்டு நீளச் சடை அவளுக்கு. உன் பஞ்சவர்ணத்துக்கு அப்படி ஒரு சடை வை, வெளிநாட்டிலிருந்தே மாப்பிள்ளை வரும்.

அன்புத் தங்கச்சி,
சத்யப்ரியா


சென்னை,
10.7.2003

அன்பு பிரியாவுக்கு,

நலம். நீயும் ஒச்சம்மாளும் நலமா? உன் கடிதத்தை முதலாளியிடம் படித்தே காட்டினேன். "உன்னைவிட உன் தங்கச்சிக்கு வாய் ஜாஸ்தி" என்றார்.

பஞ்சவர்ணம் பிறந்துவிட்டாள். முகவாய் மச்சம் உன்னுடையது, சடை ஒச்சம்மாளுடையது. உன் யோசனைக்கு நூறு கும்பிடு. அந்தச் சடையை வைத்துத்தான் என் உச்சபட்ச வேலையே. கேள். பஞ்சவர்ணம் பேசிக்கொண்டே திரும்புகிறாள். சடை கதிரில் மாட்டிக்கொள்கிறது. கிர்ரென்று அவளும் கூடவே பம்பரமாகச் சுற்றுகிறாள். கடைசியில் சடை முழுக்க நூல்கண்டாகிவிடுகிறது. மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்: 'இழை போனாலும் பிழைப்புப் போகாது!'

ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உங்கள் மில் மேனேஜர் போனில், "தம்பி, இதைப் பாத்தா எந்த வெள்ளைக்காரனும் ஆர்டரை நிறுத்த மாட்டான்" என்றார். போன வாரம் சைட்டில் ஏற்றிவிட்டோம். முதல் பக்கத்திலேயே அந்த சீன்தான்.

உங்களுக்கும் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. கண்ணு மட்டும் வைக்காதே.

இப்படிக்கு,
வெளிநாடுவரை புகழ் பரவிய உன் அண்ணன்


விடுதி,
27.7.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. ஆடி மாதக் காற்றில் பஞ்சுத்தூசி அதிகம், கொஞ்சம் இருமல் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

படம் பார்த்தேன்! மேனேஜர் ரூமில் கம்ப்யூட்டரில் போட்டார்கள். நைட் ஷிப்ட் பார்த்தவர்களைத் தூங்க விட்டுவிட்டு என்னை மட்டும் எழுப்பிக் கூட்டிப் போனார்கள், படம் போட்டவன் தங்கச்சி என்று. அடி ஆத்தி, அந்தச் சடை சுற்றுகிறதே! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. மேனேஜரே எனக்குத் தண்ணீர் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள். அன்றைக்கு மட்டும் நான் பெரிய மனுஷி.

படத்தில் நூலகம் வருகிறது அல்லவா, அதனால் இங்கேயும் ஒரு ரூமில் பீரோ வைத்துப் புத்தகம் அடுக்கிப் போட்டோ எடுத்தார்கள். நான் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்த ரூம் பூட்டியிருக்கிறது.

உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது அண்ணே. நிஜமாகத்தான் சொல்கிறேன், கேலி இல்லை.

உன் தங்கச்சி,
சத்யப்ரியா


விடுதி,
19.8.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமா?

ஒரு காரியம் கேட்கிறேன். பஞ்சவர்ணத்தின் அந்தச் சடை சீனை எடுத்துவிடு. பிள்ளைகள் என்னையே பஞ்சவர்ணம் என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது. அவளுக்குத் தலையில் தொப்பி போட்டுவிடு, போதும்.

ஒச்சம்மாள் ஊருக்குப் போய்விட்டாள்.

சத்யப்ரியா


சென்னை,
30.8.2003

அன்பு பிரியாவுக்கு,

நலம், உன் நலம் எப்படி? இவ்வளவு சின்னக் கடிதம் எழுத உனக்கு எங்கிருந்து மனசு வந்தது? காகிதப் பஞ்சமா?

ஏம்மா அறிவாளி, அந்த சீனை எடுக்கச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதற்காகவே ஆளாளுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள். தொப்பி போட்டால் சடையே தெரியாது, அப்புறம் எதைச் சுற்றவிட? கேலி செய்கிறவர்களிடம், 'ஆமா, நான்தான் பஞ்சவர்ணம், கையெழுத்து வேணுமா?' என்று கேள். வாயாடிக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

ஒச்சம்மாளுக்குக் கல்யாணமா? சடைக்கு நன்றி சொன்னேன் என்று சொல்ல நினைத்தேன். அவள் விலாசம் இருந்தால் அனுப்பு.

அண்ணன்


விடுதி,
14.9.2003

அண்ணனுக்கு,

நலம்.

கேலிக்காகக் கேட்கவில்லை. என்மேல் சத்தியம், அதை எடுத்துவிடு. ஏன் என்று கேட்டு எழுதாதே. எடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுது.

நான் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். இங்கே நிறையப் பேர் வெட்டிக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லாதே, அழும்.

சத்யப்ரியா


சென்னை,
28.9.2003

என் தங்கமான தங்கச்சிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயசுப் பிள்ளை முடியைக் கொடுப்பதென்றால் சும்மாவா? எனக்கு நல்ல வேலை அமைந்ததற்கு அழகர்கோயிலுக்கு நேர்ந்துகொண்டாயா? ஏன் என்று கேட்காதே என்கிறாய். நேர்த்திக்கடனை வெளியில் சொல்லக்கூடாது என்று அம்மாவும்தான் சொல்லும். எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு நான் என்ன செய்துவிட்டேன், எனக்காகப் போய் இப்படிச் செய்தாயே.

அதனால்தான் உன் பேச்சைத் தட்ட மனமில்லாமல் மேனேஜருக்குப் போன் போட்டேன். சடை சீனை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மனிதர் பதறிவிட்டார். "தம்பி, அதுல கையே வைக்கக்கூடாது. அப்படியே இருக்கணும்" என்றார். அவர்களுக்கு அது அவ்வளவு பிடித்துப் போயிருக்கிறது! அந்தப் படம் ஜூலை முதல் வாரமே சைட்டில் வந்துவிட்டது, மில்லில் போட்டுக் காட்டச் சொல்லி நானே கேட்டுக்கொண்டேன் என்று ஒரு லெட்டரும் எழுதி அனுப்பச் சொன்னார். கம்பெனி ரெக்கார்டுக்காம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பிவிட்டேன். நம் கையெழுத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது பார்த்தாயா?

மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. தீபாவளிக்கு வாரேன். உனக்கு என்ன வேண்டும், எழுது.

அண்ணன் அழகுபாண்டி


மதுரை பெரிய ஆசுபத்திரி,
12.10.2003

அண்ணனுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. நானே கடையில் வாங்கி, நானே எழுதி, நானே பெட்டியில் போடப்போகிற கடிதம் இது. இதை யாரும் வாசிக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஒச்சம்மாள் ஊருக்குப் போகவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் என் பக்கத்து மிஷினில் அவள் குனிந்து பஞ்சு கூட்டிக்கொண்டிருந்தாள். மிஷின் அடியில் பஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்திவிட்டுக் கூட்டினால் நூல் குறையும் என்று ஓட்டத்திலேயே கூட்டச் சொல்வார்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூட்டுவோம். தொப்பிகளெல்லாம் ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தன, ஆட்கள் பார்க்க வரும் நாளுக்கு. கதிரைச் சுற்றவைக்கிற நாடா அடியில் ஓடும். அதில் அவள் சடை மாட்டிவிட்டது. அவள் கத்தியது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை அண்ணே. கையை ஆட்டினாள், வழக்கம்போல் ஏதோ சேட்டை பண்ணுகிறாள் என்று நான் சிரித்தேன். அப்புறம்தான் ஓடினேன். நான் சுவிட்சை அமர்த்துவதற்குள் முடியோடு தலைத்தோலும் போய்விட்டது.

அவள் அம்மாவிடம் மில்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் பார்த்துவிட்டு, அதே மாதிரி சடையைக் கதிரில் விட்டு விளையாடினாள், அவள் தப்புத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படம் போட்டுக் காட்டிய அன்றைக்கு நைட் ஷிப்ட் முடிந்து தூங்கியவள் அவள். உன் படத்தை அவள் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் நின்றவள் நான் என்பதால், அவள் விளையாடியதைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். மேசையில் ஒரு லெட்டரைத் தூக்கிப் போட்டு, "உங்க அண்ணனே எழுதிக் குடுத்துட்டான், நீ என்ன பெரிய இவளா?" என்றார் மேனேஜர். உன் கோழிக் கிறுக்கல். எனக்குத் தெரியாதா?

கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்றார்கள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்குத் தருவதாகச் சொன்ன பணம் போயிற்று. போகட்டும். இப்போது ஒச்சம்மாளுக்குத் துணையாக ஆசுபத்திரியில் இருக்கிறேன். அவள் அம்மா பகலில் களையெடுக்கப் போகிறது.

நான் எந்தச் சாமிக்கும் முடி கொடுக்கவில்லை. பயந்துபோய் வெட்டிக்கொண்டேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. அந்தச் சடையை வைக்கச் சொன்னவள் நான், என்மேலும் இருக்கிறது.

சத்யப்ரியா


மதுரை,
9.11.2003

அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். தீபாவளிக்கு வரவில்லை. அம்மாவுக்குச் சேலை அனுப்பினாய், எனக்கு ஒரு வரி எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

ஒச்சம்மாளுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துத் தலையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது நடமாடுகிறாள். போன வாரம், "ஏன்டி, அந்தப் படத்தைப் பாத்துத்தான் நான் கெட்டேன்னு ஊரே சொல்லுதே, அது என்னதான்னு ஒருக்கா பாக்கணும்டி" என்றாள். வேண்டாம் என்றேன். விடவில்லை. தலையில் துண்டைப் போட்டுக் கோரிப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனேன்.

பார்த்தாள். சடை சுற்றும்போது அவள் சிரித்துவிட்டாள் அண்ணே. நிஜமாகவே சிரித்தாள். "நல்லாத்தான்டி வரைஞ்சிருக்காரு" என்றாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. முகத்தைக் கம்ப்யூட்டர் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்தப் புள்ளைக்கு வலிக்கவே மாட்டேங்குதுடி" என்றாள். மறுபடி போடச் சொன்னாள். "பாத்தியா, திருப்பிப் போட்டா முடி வந்துருது" என்றாள். சென்டர்க்காரர் நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை போட்டுப் போட்டுப் பார்த்தாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன், என்னால் முடியவில்லை.

இம்மாதம் 24, திங்கட்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் ஆபீசில் விசாரணை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன். ஆனால் மில்லை விட்டுத் துரத்தின கோபத்தில் பேசுகிறாள் என்பார்கள். உன் லெட்டர் அவர்கள் கையில் இருக்கிறது. அது எதற்கு எழுதியது என்று நீ ஒருவன்தான் சொல்ல முடியும். நீ வராவிட்டால் ஒச்சம்மாள் விளையாடித்தான் கெட்டாள் என்று முடிந்துவிடும். அவளுக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடும் கிடைக்காது, பேரும் கெட்டுப்போகும்.

வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

சத்யப்ரியா


சென்னை,
19.11.2003

அன்புள்ள பிரியாவுக்கு,

வாரேன்.

உன் அக்டோபர் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதாதது கோபத்தால் இல்லை, பயத்தால். வேலை போய்விடும் என்று பயம். வேலை போனால் அம்மாவுக்கு என்ன அனுப்புவேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்கு டிக்கெட் எடுத்துக் கிழித்துப் போட்டேன். உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "போயிட்டு வா அழகு. ஆனா அவங்க நமக்குப் பெரிய பார்ட்டி. திரும்பி வரும்போது இந்த நாற்காலி உனக்கு இருக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார். நல்ல மனுஷன்தான், அவரால் அவ்வளவுதான் முடியும்.

சடை சீனை எடுத்துவிட்டுத்தான் உன் முகத்தில் விழிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. மில்காரர்கள் சைட்டின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். நீ இரண்டு தடவை கெஞ்சிக் கேட்டாயே, அப்போது அது என் கையில் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. உன்னைக் கேலி செய்து எழுதிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை மாட்டுத்தாவணியில் இறங்கி நேரே விசாரணைக்கு வாரேன். அந்த லெட்டரை எதற்குக் கேட்டார்கள் என்று தெரியாமல், பெருமைக்கு எழுதிக் கொடுத்த மடையன் நான்தான் என்று சொல்வேன். சீனை எடுக்கலாமா என்று நான் கேட்டதையும், கை வைக்காதே என்று மேனேஜர் சொன்னதையும் சொல்வேன். படத்தில் அந்தச் சடையை மிஷினில் மாட்டிவிட்டது என் கை. மில்லில் மாட்டிவிட்டது யார் கை என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்பேன்.

ஒச்சம்மாளிடம் நான் வருவதை மட்டும் சொல். மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்காக நீ சொல்லாதே. அதை நானே அவள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவள் ஏசினால் ஏசட்டும். சிரித்துவிட்டால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது பிரியா. அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் நில்.

உன் அண்ணன்,
அழகுபாண்டி